பூட்டிய பெட்டியும் திறந்த ஏடும்

1813ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் உட்ஹாம் மார்ட்டிமர் என்னும் சிற்றூரிலுள்ள பழைய மாளிகையொன்றில், தளப்பலகைக்கு அடியில் மறைத்து வைத்திருந்த சில பொருள்கள் அகப்பட்டன. அவற்றுள் பொன்னோ மணியோ இல்லை. பிரசவகாலத்தில் குழந்தையின் தலையைப் பற்றி வெளிக்கொணரும் இரும்புக் கருவிகள் சில இருந்தன. ஏறக்குறைய 130 ஆண்டுகள் அவை அங்கே இருளில் கிடந்தன. அவற்றை ஒளித்து வைத்த குடும்பத்தின் கதை, மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றி இன்று உலகெங்கும் எழுந்துள்ள ஒரு பெரிய கேள்விக்கு முன்னுரை போல அமைந்திருக்கிறது. ஆகையால் அங்கிருந்தே தொடங்குவோம்.

1569ஆம் ஆண்டில் பிரான்சிலிருந்து சமயக் கொடுமைக்கு அஞ்சி இங்கிலாந்துக்கு வந்த குடும்பங்களுள் சேம்பர்லின் குடும்பமும் ஒன்று. அக்குடும்பத்தார் பிரசவ மருத்துவத்தில் பெயர் பெற்றனர். பிரசவத்தில் சிக்கிக்கொண்ட குழந்தையை உயிருடன் எடுக்க வல்ல ஆயுதம் ஒன்று அவர்களிடம் இருந்தது. அதை முலாம் பூசிய பெரிய பெட்டியில் வைத்து இருவர் தூக்கி வருவார்கள் என்றும், தாயின் கண்களையும் கட்டிவிட்டே வேலையைத் தொடங்குவார்கள் என்றும் சொல்வதுண்டு. தலைமுறை தலைமுறையாக அந்த இரகசியத்தை அவர்கள் காத்தனர். ஹியூ சேம்பர்லின் என்பவர் 1670இல் பாரிஸ் நகருக்குச் சென்று, மொரிசோ என்னும் புகழ்பெற்ற மருத்துவரிடம் அதை விலை பேசினார். அங்கு நடந்த சோதனை தோல்வியுற்றது. ஊர் திரும்பி, அதே மொரிசோவின் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதன் முன்னுரையில், தம் குடும்பத்தில் அத்தகைய முறை ஒன்று உண்டென்றும், அது குடும்பத்தாரின் பிழைப்புக்கு ஆதாரமாதலால் வெளியிடுவதற்கில்லை என்றும் மன்னிப்புக் கேட்கும் பாவனையில் எழுதினார். 1730களில் வேறு மருத்துவர்கள் கருவியின் அமைப்பை அச்சிட்டு வெளியிட்ட பின்னரே அது பொதுச்சொத்தாயிற்று.

இடைப்பட்ட நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்தில், அந்தக் கருவி கிட்டாமல் மாண்ட தாய்மாரும் சேய்களும் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்வார் இல்லை. நோய்க்கு வழி தெரியாமல் மாள்வது விதி என்றே வைத்துக்கொள்வோம். வழி தெரிந்தும், அது அடுத்த தெருவில் ஒரு பெட்டிக்குள் பூட்டிக் கிடக்க, இவ்வீட்டில் ஓர் உயிர் போவதை விதி என்று எப்படிச் சொல்வது?

சேம்பர்லின் குடும்பத்தார் பெட்டியைப் பூட்டிக் காத்த அதே நூற்றாண்டில், அதற்கு நேர்மாறான வழக்கமும் பிறந்தது. 1665ஆம் ஆண்டில் பாரிசிலும் லண்டனிலும் உலகின் முதல் அறிவியல் சஞ்சிகைகள் இரண்டு வெளிவந்தன. லண்டன் சஞ்சிகையை நடத்தியவர் ராயல் சொசைட்டியின் செயலாளரான ஹென்றி ஓல்டன்பர்க். ஒருவர் கண்டதை உடனே அச்சிட்டுப் பலர் முன் வைப்பது. முதலில் கண்டவர் என்னும் புகழை அவருக்கு அளிப்பது. மற்றவர்கள் அதைச் சோதித்துச் சரிபார்ப்பது - இதுவே அவ்வழக்கம். மறைத்து வைத்துப் பொருள் ஈட்டுவதைக் காட்டிலும் வெளியிட்டுப் புகழ் ஈட்டுவது மேல் என்று அறிஞர்கள் கருதத் தொடங்கினர்.

மருத்துவ சஞ்சிகைகள் பின்னர்ப் பெருகின. 1823இல் லண்டனில் ‘லான்செட்’ தொடங்கப் பெற்றது. கட்டுரைகள் மலைபோல் குவியவே, எது எங்கே உள்ளது என்று காட்டும் அட்டவணையை 1879இல் வாஷிங்டன் இராணுவ மருத்துவ நூல்நிலையத்தின் தலைவர் ஜான் ஷா பில்லிங்ஸ் வெளியிடத் தொடங்கினார். நம் நாட்டில் 1913ஆம் ஆண்டில் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ பிறந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலைமை மாறிற்று. சங்கங்களும் கல்லூரிகளும் நடத்திய சஞ்சிகைகள் பல பெரிய வணிக நிறுவனங்களின் கைக்குச் சென்றன. சந்தா ஆண்டுதோறும் ஏறிற்று. இதிலுள்ள விந்தையைக் கவனிக்க வேண்டும். ஆராய்ச்சிக்குப் பொருள் தருவது பெரும்பாலும் சர்க்கார், அஃதாவது வரி செலுத்தும் மக்கள். கட்டுரை எழுதும் அறிஞர் வெளியீட்டாளரிடம் ஊதியம் பெறுவதில்லை. கட்டுரையின் தகுதியை ஆராய்ந்து சொல்லும் சக அறிஞர்களும் பொதுவாக இலவசமாகவே அப்பணியைச் செய்கின்றனர். கடைசியில் அதே கட்டுரையைப் படிப்பதற்கு, பொதுப்பணத்தால் நடைபெறும் நூல்நிலையம் மீண்டும் விலை கொடுக்கிறது. தன் நிலத்தில் தானே உழுது விளைவித்த நெல்லைச் சந்தையில் விலைக்கு வாங்கும் உழவனின் கதை இது.

இந்த விலையைச் செல்வ நாடுகளின் பெரிய பல்கலைக்கழகங்கள் எப்படியோ கொடுத்து வந்தன. ஏழை நாடுகளில் என்ன நேர்ந்தது என்பதற்கு லைபீரியா ஒரு சான்று.

2014ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா என்னும் கொடிய தொற்று பரவிற்று. கினி, சியரா லியோன், லைபீரியா ஆகிய நாடுகளில் 28,000 பேருக்கு மேல் நோயுற்றனர். 11,000 பேருக்கு மேல் இறந்தனர். லைபீரியாவில் மட்டும் இறந்தோர் 4,800 பேர். இந்நோய் இப்பகுதிக்கே புதிது என்று அப்போது பலரும் கூறினர். ஆனால் 2015ஆம் ஆண்டு ஏப்ரலில், லைபீரிய அரசின் தலைமை மருத்துவ அதிகாரி பெர்னிஸ் டான் அம்மையாரும் வேறிருவரும் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் ஓர் உண்மையை எழுதினர். 1982ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள், லைபீரிய மக்களின் இரத்தத்தைச் சோதித்து, எபோலா பரவக்கூடிய நாடுகளில் லைபீரியாவையும் சேர்க்க வேண்டும் என்றும், அங்குள்ள மருத்துவப் பணியாளர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தனர். அக்கட்டுரை ஓர் ஐரோப்பிய சஞ்சிகையில் வெளிவந்தது. லைபீரிய மருத்துவர் அதை அறியவில்லை. அறிந்து தேடியிருந்தாலும், அத்தகைய கட்டுரை ஒன்றைப் பெற அப்போது 45 டாலர் தேவைப்பட்டது. அது அன்றைய லைபீரிய மருத்துவரின் அரை வாரச் சம்பளத்துக்கு ஏறக்குறையச் சமமாக இருந்தது.

ஒரு கட்டுரையைப் படித்திருந்தால் மட்டும் கொள்ளைநோய் நின்றிருக்கும் என்று சொல்வது மிகையாகும். மருத்துவரும் கையுறையும் படுக்கையும் அங்கே போதவில்லை. ஆயினும் எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது. யாருடைய இரத்தத்தைக் கொண்டு எழுதப்பட்டதோ, அவர்களுக்கு மட்டும் அது எட்டவில்லை. சேம்பர்லினின் பெட்டி தங்க முலாம் பூசியது. இந்தப் பெட்டிக்கு அதுவும் இல்லை. வேறுபாடு அவ்வளவே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வங்காளத்தில் வாழும் தமிழன்பர்கள் இப்பகுதியைச் சற்றுப் பெருமிதத்தோடு கேட்கலாம்.

காலரா என்னும் வாந்திபேதிக்குக் காரணமான கிருமியை 1884இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் ஆராய்ந்தார். அக்கிருமி ஒருவகை நச்சுப்பொருளைச் சுரக்கலாம் என்றும் அவர் ஊகித்தார். அந்த ஊகத்தை மெய்ப்பிக்க 75 ஆண்டுகள் ஆயின. மெய்ப்பித்தவரும் கல்கத்தாவாசியே. கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சம்பு நாத் தே, எளிய சாதனங்களைக் கொண்டு முயலின் குடலில் சோதனை செய்து, கிருமியை வடிகட்டி நீக்கிய திரவமே குடலிலிருந்து நீரை வெளிப்படுத்துகிறது என்று நிறுவினார். 1959இல் ‘நேச்சர்’ சஞ்சிகை அதை வெளியிட்டது. காலராவில் மனிதனைக் கொல்வது உடலின் நீரும் உப்பும் வற்றிப்போவதே; அவற்றை ஈடு செய்தால் உயிர் பிழைக்கும்.

ஈடு செய்யும் வழியும் கல்கத்தாவிலேயே முளைவிட்டது. ஹேமேந்திர நாத் சட்டர்ஜி என்னும் மருத்துவர், நோயாளிகள் 186 பேருக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்து வெற்றி கண்டதை 1953இல் ‘லான்செட்’ வெளியிட்டது. நம் வீட்டுத் தோட்டங்களில் வளரும் கற்பூரவல்லி இனத்து இலைச்சாற்றையும் அவர் வாந்தியை நிறுத்தப் பயன்படுத்தினார். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு நோயாளிக் குழுவை அவர் வைத்துக்கொள்ளவில்லை. அளவுக் கணக்குகளும் போதவில்லை. ஆகவே உலகம் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அச்சேறியதனாலேயே ஓர் உண்மை நடந்து சென்று மக்களை அடைந்துவிடாது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. 1960களில்தான் குடலில் சர்க்கரை வாசலைத் திறக்க, உப்பு உடன் நுழைய, அதன் பின்னே நீரும் செல்கிறது என்னும் நுட்பம் தெளிவாயிற்று. 1968இல் டாக்கா ஆராய்ச்சியாளர் இம்முறையைக் கணக்கோடு நிறுவினர். எனினும் மருத்துவமனைக்கு வெளியே, பயிற்சியற்றவர் கையில் இது பயன்படுமா என்னும் ஐயம் நீங்கவில்லை.

1971ஆம் ஆண்டு வந்தது. கிழக்கு வங்காளப் போரினால் ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் இந்திய எல்லைக்குள் புகுந்தனர். பங்காவ் முகாமில் காலரா பரவிற்று. நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோகும் நிலை. டாக்டர் திலீப் மகாலனோபிஸ் துணிந்து ஒரு முடிவு செய்தார். கல்கத்தாவிலிருந்த அவருடைய ஆராய்ச்சி நிலையத்தின் நூல்நிலைய அறையிலேயே பொடியைக் கலந்து, பைகளில் இட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாய் ஒட்டி முகாமுக்கு அனுப்பினர். லிட்டர் ஒன்றுக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. அன்றைய அளவு இது. நோயாளியின் தாயும் தமையனும் குவளையில் அள்ளிப் புகட்டினர். நூற்றுக்கு 30 பேர் மாண்டு வந்த முகாமில், இம்முறையால் சிகிச்சை பெற்றவருள் மாண்டவர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு.

அடுத்து அவர்கள் செய்ததை வானொலி நேயர்கள் மறக்கக் கூடாது. கலவை முறையைத் துண்டுப் பிரசுரமாக அச்சிட்டு எல்லையோரமெங்கும் வழங்கினர். வங்க தேசத்து விடுதலை வீரரின் இரகசிய வானொலியிலும் அது ஒலிபரப்பாயிற்று. ஆராய்ச்சிக் கட்டுரையைச் சஞ்சிகைகள் சில ஏற்க மறுத்தன. 1973இல்தான் அது அமெரிக்க சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. அச்சுக்கு முன்பே வானொலி உயிர் காத்தது என்பது மிகையன்று. பிற்காலத்தில் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் அந்த முறையை எல்லா நாடுகளுக்கும் எடுத்துச் சென்றன. அதற்கு உரிமம் பெற்று வரி தண்டியவர் எவருமில்லை. வெளிப்படையாக இருந்தமையால் பலரும் சோதித்தனர். 2002இல் கலவையின் அளவும் திருத்தம் பெற்றது. 2022இல் மறைந்த மகாலனோபிஸுக்கு 2023இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பெற்றது.

பெட்டியைப் பூட்டினால் என்ன நேரும் என்பதை லைபீரியாவும், திறந்தால் என்ன நேரும் என்பதைப் பங்காவும் காட்டுகின்றன. இந்த அனுபவத்தை ஒரு முறையாக ஆக்க முற்பட்டதே, ஆங்கிலத்தில் ‘ஓபன் அக்ஸெஸ்’ என வழங்கும் திறந்த வெளியீட்டு இயக்கம். ஆராய்ச்சிக் கட்டுரைகளை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கவும், படியெடுக்கவும், பயன்படுத்தவும் இடமளித்தல் என்பது அதன் பொருள். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூல்நிலையம் 1997இல் தன் கட்டுரை அட்டவணையைப் ‘பப்மெட்’ என்னும் பெயரில் அனைவருக்கும் இலவசமாகத் திறந்தது. 2000இல் முழுக் கட்டுரைகளுக்கான களஞ்சியத்தையும் நிறுவிற்று. 2002இல் புடாபெஸ்ட் நகரின் பெயர் தாங்கிய பிரகடனம் வெளியாயிற்று. 2008 முதல், அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிதியைப் பெற்றவர் தம் கட்டுரையை 12 மாதத்துக்குள் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று சட்டம் ஆயிற்று. 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து அந்தக் காத்திருப்பும் நீக்கப்பட்டது.

நம் நாடும் பின்தங்கவில்லை. மும்பையின் சேத் ஜி. எஸ். மருத்துவக் கல்லூரியிலிருந்து வரும் ‘ஜர்னல் ஆஃப் போஸ்ட்கிராஜுவேட் மெடிசின்’, இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இணையத்தில் இலவசமாக வெளிவந்தது. எழுதுவோரிடமும் அப்போது கட்டணம் பெறவில்லை. அதன் பின் வெளிநாட்டு ஆசிரியர்களின் கட்டுரைகளும் அதற்கு மிகுதியாக வந்தன. சென்னையைச் சேர்ந்த தகவலியல் அறிஞர் சுப்பையா அருணாசலம் இக்கொள்கையை இந்தியாவில் நெடுங்காலமாக வலியுறுத்தி வந்தவர். 2014இல் மத்திய அரசின் உயிர்த் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் திறந்த வெளியீட்டுக் கொள்கையை அறிவித்தன.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 வெளியீட்டாளரின் ஏறக்குறைய 13,000 சஞ்சிகைகள். 6,300 அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிலையங்கள். சிறு நகரத்து அரசுக் கல்லூரி மாணவனும் தில்லி மாணவன் படிப்பதையே படிக்க முடியும் என்பது பெரும் நன்மை. ஆனால் இது திறந்த வெளியீடாகாது. பூட்டுக்கு நாடு சாவி வாங்கியிருக்கிறது, பூட்டு இருக்கிறது. தாலுகா ஊரில் தனியாகத் தொழில் புரியும் மருத்துவரிடம் அந்தச் சாவி இல்லை.

என் அனுபவம் ஒன்றைக் கூற அனுமதி வேண்டுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், தில்லியில் எங்கள் குடியிருப்பில் வசித்த திருநெல்வேலி அம்மாள் ஒருவர், மகனுக்கு வந்த அரிய நோயைப் பற்றிய கட்டுரையின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார். “ஐயா, நீங்கள் எழுத்து வேலையில் இருப்பவர், இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். சஞ்சிகையின் பக்கத்தில், படிக்க மூவாயிரம் ரூபாய்க்கு மேல் கேட்டது. அது அவர் வீட்டின் ஒரு மாத மளிகைச் செலவு. பொதுக் களஞ்சியத்தில் தேடியபோது, அதே ஆசிரியர் எழுதிய பிறிதொரு கட்டுரை இலவசமாகக் கிடைத்தது. அதை அச்சிட்டுக் கொடுத்தேன். மருத்துவர் பொறுமையோடு படித்து, அதுவரை செய்யாத ஒரு சோதனையைச் செய்யச் சொன்னார். அதற்கு மேல் நடந்தது மருத்துவரின் திறமை. அதில் எனக்குப் பங்கில்லை. ஆனால் அந்த இலவசக் கட்டுரை கிடைத்திராவிட்டால் அந்தச் சீட்டு அம்மாளின் முந்தானை முடிச்சிலேயே கிடந்திருக்கும்.

திறந்த வெளியீட்டிலும் குறைகள் இல்லாமலில்லை. படிப்பவர் பணம் தராவிட்டால் எழுதுபவர் தரட்டும் என்று பல சஞ்சிகைகள் விதித்துவிட்டன. சம்பு நாத் தேயின் கட்டுரையை 1959இல் வெளியிட்ட அதே ‘நேச்சர்’, கட்டுரை திறந்த வெளியீடாக வர வேண்டுமானால் 9,500 யூரோ கட்டணம் என்று 2020ஆம் ஆண்டு இறுதியில் அறிவித்தது. எளிய சாதனங்களோடு பணிபுரியும் இன்றைய சம்பு நாத் தே எங்கே போவார்? படிப்பதற்கிருந்த பூட்டை எழுதுவதற்கு மாற்றுவது தீர்வாகாது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலிச் சஞ்சிகைகளும் முளைத்துள்ளன. ஆகவே பொதுநிதியாலும் கல்விச் சங்கங்களாலும் நடத்தப்பெற்று, எழுதுவோரிடமும் படிப்போரிடமும் கட்டணம் பெறாத சஞ்சிகைகள் வளர வேண்டும். தகுதி ஆராயும் கண்டிப்பில் தளர்ச்சி கூடாது.

இப்படித் திறந்து வைப்பதால் பயன் எவ்வளவு விரைவில் வரும் என்பதை அண்மைக்காலமே காட்டிவிட்டது. 2020 ஜனவரி 11ஆம் நாள் புதிய கொரோனா வைரஸின் மரபணு வரிசையைச் சீன அறிஞர் குழுவொன்று இணையத்தில் வெளிப்படையாக இட்டது. அதைக் கொண்டு ஓர் அமெரிக்க நிறுவனம் சில நாள்களிலேயே தடுப்பூசியின் அமைப்பை வகுத்தது; மார்ச் 16ஆம் நாள் முதல் மனிதருக்கு அது செலுத்தப்பெற்றது. ஆண்டுகள் பிடித்து வந்த பணியின் தொடக்கம் வாரங்களில் நிகழ்ந்தது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இறுதியாக ஒன்று தோன்றுகிறது. பணம் என்னும் பூட்டைத் திறந்தாலும் மொழி என்னும் பூட்டு எஞ்சியிருக்கிறது. பிழைப்பை நாடிப் பல மாநிலங்களில் வாழும் நம்மவர், மருத்துவமனைச் சீட்டில் உள்ளதை அவ்வூர் மொழியிலும் படிக்க மாட்டாமல், ஆங்கிலத்திலும் விளங்கிக்கொள்ளாமல் தவிப்பதை நாள்தோறும் காண்கிறோம். விலையுள்ள கட்டுரையை மொழிபெயர்க்கவும் தனி அனுமதி வேண்டும். தக்க உரிமத்தோடு திறந்து வைத்த கட்டுரையைத் தமிழிலும், வங்காளியிலும், மராத்தியிலும் எவரும் எடுத்துச் சொல்லலாம். பங்காவ் முகாமில் பயன்பட்ட துண்டுப் பிரசுரமும் அப்படி எடுத்துச் சொன்னதுதான்.

உட்ஹாம் மார்ட்டிமர் மாளிகையில் அகப்பட்ட கருவிகளை இன்று எவரும் பிரசவத்துக்குப் பயன்படுத்துவதில்லை. அவை காட்சிப் பொருளாகிவிட்டன. கல்கத்தாவின் நூல்நிலைய அறையில் கட்டிய அந்தப் பொடிப் பொட்டலமோ, இன்று ஊர்தோறும் மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அடுத்த முறை அதைக் கையில் எடுக்கும்போது, அது நம் கைக்கு வந்த வழியை ஒருகணம் நினைத்துப் பாருங்கள்.